பிடித்தவருக்கா, ஜெயிப்பவருக்கா?

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். 2019-ல் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. 2020 மார்ச்சில், ஜனநாயகக் கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் போட்டதுதான் இந்த நாட்டில் என் முதல் ஓட்டு. எனக்கு எலிசபெத் வாரனைத்தான் பிடித்திருந்தது. "ஒரு பெண்ணை ஜெயிக்க விடமாட்டார்கள், 2016-ல் ஹிலரி தோற்றதைப் பார்த்தோமே, ஓட்டை வீணாக்காதே" என்றார் என் கணவர். பைடனுக்குப் போட்டேன். அவர் ஜெயிக்கவும் செய்தார். ஆனாலும் அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. இப்போது என் மகளுக்கு 19 வயது. ஜனாதிபதி வேட்பாளருக்கு அவள் போடப்போகும் முதல் ஓட்டு 2028-ல். "பிடித்தவருக்குப் போடணுமா, ஜெயிக்கிறவருக்குப் போடணுமா அம்மா?" என்று கேட்கிறாள். அப்பாவுக்கும் மகளுக்கும் இதே பேச்சில் சாப்பாடு ஆறிப்போகிறது. நான் என்ன சொல்லட்டும்?
– ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் ஒரே மூச்சில் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். ஓட்டு வீணாகும் என்பது ஒன்று. பெண்ணை ஜெயிக்க விடமாட்டார்கள் என்பது இன்னொன்று. முதலாவதைக் கட்சியின் விதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டாவது, முன்பின் தெரியாத கோடிக்கணக்கான பேர் மனதில் என்ன இருக்கிறது என்ற ஊகம். உங்களை இத்தனை வருடமாக உறுத்துவது இந்த இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

கணக்கை முதலில் பார்ப்போம். ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் போகும் ஒரு மாநிலத்தின் பிரதிநிதிகளை, வேட்பாளர்கள் வாங்கிய ஓட்டு விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். ஆனால் 15 சதவீதம் தொடாதவருக்குப் பங்கு கிடையாது. 2020-ல் டெக்சாஸில் வாரன் வாங்கியது சுமார் 11 சதவீதம். ஆக, மாநில அளவிலான பங்கீட்டில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தக் காரணத்துக்காக நீங்கள் பைடன் பக்கமோ பெர்னி சாண்டர்ஸ் பக்கமோ போயிருந்தால் அதில் வருத்தப்பட எதுவுமே இல்லை. கையில் இருக்கும் ஒரே ஓட்டை, எண்ணிக்கையில் சேரும் இடத்தில் போடுவது நல்ல புத்திதான்.

அந்த வாரம் உங்கள் ஊரில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிப்ரவரி 29, சனிக்கிழமை சவுத் கரோலினா பிரைமரியில் பைடன் பெரிதாக ஜெயித்தார். அவரோடு போட்டியிட்டவர்களில் ஞாயிறு பீட் புட்டிஜெஜ் விலகினார், திங்கள் ஏமி க்ளோபச்சார் விலகினார். அன்றைக்கு ராத்திரியே இருவரும் டாலஸுக்கு வந்து பைடனை ஆதரித்தார்கள். செவ்வாய்க்கிழமை ஓட்டுப்பதிவு. ஆனால் டெக்சாஸில் முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்கள் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டன. அதில் புட்டிஜெஜுக்கும் க்ளோபச்சாருக்கும் போட்டிருந்தவர்கள், தங்கள் வேட்பாளர் களத்திலேயே இல்லாத தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் ஆனார்கள். மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். வேலையோ வகுப்போ தடுக்காவிட்டால், பிரைமரியில் கடைசி நாள்வரை பொறுப்பது நல்லது.

சரி, ஊகத்துக்கு வருகிறேன். அதே 2020 பிப்ரவரி 3-ஆம் தேதி ராத்திரி நான் அயோவாவில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். அப்போது அங்கே காக்கஸ் முறை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. யாரைப் பிடிக்குமோ அவர் மூலையில் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். 15 சதவீதம் தேறாத கூட்டம் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். எல்லார் கையிலும் ஓர் அட்டை, முன்பக்கம் முதல் விருப்பம், பின்பக்கம் இரண்டாவது. க்ளோபச்சார் மூலையில் நான்கு பேர் குறைந்தார்கள். அங்கே நின்றிருந்த ஒரு வயதான அம்மாவை மூன்று பக்கமும் கூப்பிட்டார்கள். பைடன் மூலையிலிருந்து ஒருவர் வந்து, "ட்ரம்ப்பைத் தோற்கடிக்க இவரால்தான் முடியும்" என்றார். அந்த அம்மா, "உனக்கு அவரைப் பிடிக்குமா?" என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் மாமனாருக்குப் பிடிக்கும். மிஷிகனில் இருக்கிறார்" என்றார். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, அட்டையைத் திருப்பி எழுதிக்கொண்டு, வாரன் மூலைக்கு நடந்து போனார்.

நவம்பர் பொதுத் தேர்தலில், இழுபறி மாநிலமான மிஷிகனை பைடன் ஜெயித்தார். அந்த மனிதரின் ஊகம் பலித்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இப்படிப் பலிக்காமல் போன தடவைகளையும் சேர்த்துப் பாருங்கள். 2004-ல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் ஹாவர்ட் டீன் பின்னால் அலையாகத் திரண்டவர்களில் நிறைய பேர், ஈராக் போரை டீன் அளவுக்கு எதிர்க்காத ஜான் கெரி பக்கம் கடைசி நேரத்தில் சாய்ந்தார்கள். வியட்நாமில் போரிட்டுப் பதக்கம் வாங்கியவர், அவரை அன்றைய ஜனாதிபதி புஷ்ஷால் தொட முடியாது என்று கணக்கு. கடைசியில் அந்தப் போர்ச் சேவையைத்தான் எதிரணி குறிவைத்து அடித்தது. கெரி தோற்றார். 2016-ல் சாண்டர்ஸை விரும்பிய எத்தனையோ பேர், ஹிலரிதான் உறுதியாக ஜெயிப்பார் என்று அவருக்குப் போட்டார்கள். குடியரசுக் கட்சியிலோ, ட்ரம்ப்பை நிறுத்தினால் தோல்வி நிச்சயம் என்று பெரிய தலைகளெல்லாம் எச்சரித்தன. இரண்டு கணக்கும் தப்பின.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 2008. சவுத் கரோலினாவின் கறுப்பின மக்களில் பலருக்கு 2007 முழுவதும் ஒபாமாமேல் ஆசை இருந்தது, ஆனால் வெள்ளையர்கள் போடமாட்டார்கள் என்ற தயக்கமும் இருந்தது. ஜனவரி 3-ஆம் தேதி, அப்போது பத்தில் ஒன்பது பேருக்குமேல் வெள்ளையர்களாக இருந்த அயோவாவில் அவர் ஜெயித்தார். மூன்றே வாரத்தில் சவுத் கரோலினாவில் 55 சதவீதம் வாங்கினார். வெள்ளையர்கள் போடமாட்டார்கள் என்பது அதுவரை உண்மை மாதிரியே உலவியது. அதைப் பொய்யாக்க, யாராவது முதலில் தைரியமாகப் போட வேண்டியிருந்தது. பெண்ணை ஜெயிக்க விடமாட்டார்கள் என்பதும் இதே ரகம்தான். அப்படிச் சொல்பவரிடம் கேட்டால், எனக்கு ஆட்சேபம் இல்லை, மற்றவர்களுக்குத்தான் என்பார். அந்த மற்றவர்களும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் யார்தான் முதலில் போடுவது? உங்கள் கணவர்மேல் எனக்குக் கோபமில்லை. 2016 நவம்பர் ராத்திரி பட்ட அடியிலிருந்து வந்த பேச்சு அது.

அதற்காக, மனதுக்குப் பிடித்தவரை நிறுத்தினால் எல்லாம் கூடிவரும் என்றும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். 1972-ல் வியட்நாம் போரை உயிரைக் கொடுத்து எதிர்த்த இளைஞர்கள் ஜார்ஜ் மெக்கவர்னை வேட்பாளராக்கினார்கள். நல்ல மனிதர். 50 மாநிலங்களில் 49-ஐ நிக்ஸனிடம் இழந்தார். அதற்கு எட்டு வருடம் முன்னால் குடியரசுக் கட்சியின் கொள்கைவாதிகள் பேரி கோல்ட்வாட்டரை நிறுத்தி 44 மாநிலங்களை இழந்தார்கள். அவருக்காக அன்று தொலைக்காட்சியில் பேசிய ரொனால்ட் ரீகன் 1980-ல் அதே கொள்கையோடு ஜெயித்தார், உண்மைதான். ஆனால் அந்தப் படுதோல்வியால் லிண்டன் ஜான்சனுக்கு நாடாளுமன்றத்தில் கிடைத்த பலத்தில், கோல்ட்வாட்டர் ஆட்கள் அடியோடு வெறுத்த, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1965-ல் சட்டமாகி, இன்றுவரை நிலைத்து நிற்கிறது. கொள்கைக்காகத் தோற்பதற்கு விலை உண்டு. மகள் அதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்கட்டும்.

அப்புறம், தோற்பவருக்குப் போட்ட ஓட்டு வீண் என்ற பேச்சு. 1968 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கித் தோற்றார். எதிரே இருந்தவர் அதே கட்சியைச் சேர்ந்த, பதவியில் இருந்த ஜனாதிபதி ஜான்சன். மாதம் முடிவதற்குள், மறுபடி நிற்கப்போவதில்லை என்று ஜான்சனே அறிவித்தார். 2016-ல் சாண்டர்ஸ் தோற்றார், ஆனால் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்ற அவர் கோரிக்கை அந்த வருடக் கட்சி அறிக்கையில் ஏறியது. வேட்பாளர் தேர்தலில் விழும் ஓட்டைக் கட்சிக்காரர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள், தோற்றவரின் ஓட்டையும் சேர்த்துத்தான்.

உங்கள் வீட்டுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் டெக்சாஸ் கடைசியாக ஜனநாயகக் கட்சிக்குப் போனது 1976-ல், ஜிம்மி கார்ட்டருக்கு. அதன்பின் ஒரு தடவைகூட இல்லை. ஆக, ஜனாதிபதி யார் என்ற கேள்வியில் உங்கள் ஓட்டுக்கு நவம்பரைவிட மார்ச்சில்தான் கனம் அதிகம். அந்த மார்ச் ஓட்டை, மிஷிகனில் இருக்கும் ஒரு மாமனாருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பிடித்தவர் 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அவருக்கே போடுங்கள். எட்டவே மாட்டார் என்று கடைசி வாரத்தில் தெளிவாகத் தெரிந்தால், மிச்சம் இருப்பவர்களில் மனதுக்கு நெருக்கமானவருக்குப் போடுங்கள். நவம்பரில் யார் நின்றாலும் போய்ப் போட்டுவிட்டு வாருங்கள். செனட்டர், நீதிபதி, பள்ளி வாரியம் என்று அந்தச் சீட்டில் நிறைய பேர் இருப்பார்கள்.

2020-ல் யாரைப் பிடித்திருந்தது, யாருக்குப் போட்டீர்கள், ஏன் என்பதை மகளிடம் அப்படியே சொல்லுங்கள். அவள் அப்பாவும் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். 2016 அவரை எப்படிப் பாதித்தது என்று அவரும் பேசட்டும், அவள் அதைக் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

அவள் கல்லூரிக்காக வேறு கவுண்டியில் தங்கியிருந்தால், எந்த முகவரியில் பதிவு செய்யலாம் என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். டெக்சாஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்னதாகவே வாக்காளர் பதிவு முடிந்துவிடும்.