அம்மா விழவே இல்லையே, காயம் எப்படி வந்தது?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. நீரிழிவு, ரத்தக் கொதிப்பு இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அதோடு முட்டிவலிக்கு வீட்டிலிருந்த டைக்ளோஃபெனாக்கையும் போட்டுக்கொண்டார். நான்காம் நாள் மருத்துவமனையில் ‘சிறுநீரகத்தில் காயம்’ என்றார்கள். விழவும் இல்லை, இடுப்பு வலியும் இல்லை. நாங்கள் எதைக் கவனிக்காமல் விட்டோம்?
வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதலில், உங்களை நீங்களே குறைசொல்லிக்கொள்ளாதீர்கள். சிறுநீரகப் பிரிவில் தாதியாக இருந்த எனக்கே என் மாமியார் விஷயத்தில் ஒரு நாள் தாமதமாகத்தான் உறைத்தது.

கீழே விழுந்தோ விலாவில் மோதியோ சிறுநீரகம் அடிபட்டால் முதுகுப்பக்கம் வலிக்கும், சிறுநீரில் ரத்தம் வரலாம். அம்மாவுக்கு வந்தது வேறு. சில மணி நேரத்திலோ சில நாளிலோ சிறுநீரகத்தின் வேலை திடீரென்று குறைவதையும் மருத்துவர்கள் காயம் என்றுதான் சொல்வார்கள். அதில் பெரும்பாலும் வலியே இருக்காது. வயிற்றுப்போக்கில் உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அந்த நேரத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் உள்ளே போனால் அந்த ரத்தம் இன்னும் குறைந்துவிடும். சிலவகை ரத்தக் கொதிப்பு மாத்திரைகளும், சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும்.

கவனிக்க வேண்டியது கழிவறையில்தான் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டராவது சிறுநீர் போக வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு 180, ஒரு டம்ளர்கூட இல்லை. அதற்கும் குறைந்தால், அல்லது பால் சேர்க்காத தேநீரான ‘தே ஓ’ நிறத்தில் போனால், காத்திருக்காதீர்கள். மாமியார் “காலையிலிருந்து போகவே இல்லைம்மா” என்று சாதாரணமாகத்தான் சொன்னார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் சற்று அழுத்தி எடுத்தேன். நீர் கோத்து வீங்கியிருந்ததால் குழி அப்படியே நின்றது. சோற்று வாசனையே குமட்டுகிறது என்றார். மாலையில் பேரனைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் கிளம்பினோம்.

மூச்சுத்திணறல், நெஞ்சு படபடப்பு, நினைவுத் தடுமாற்றம், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம் என்றால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995. ஆனால் சிலருக்குச் சிறுநீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் தளர்ந்திருக்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவை அளக்கும் ரத்தப் பரிசோதனைதான் அதைக் காட்டும்.

சரி, இனி? அந்த வலிமாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் அம்மா தொடவே வேண்டாம். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். “வாந்தி, பேதி வந்தால் இவற்றில் எதை நிறுத்திவைக்க வேண்டும்?” என்று கேட்டு, பதிலை அட்டையிலேயே தமிழில் எழுதிவையுங்கள். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். அப்புறம், இப்போது தேறியிருந்தாலும் மூன்று மாதத்தில் ரத்தமும் சிறுநீரும் மறுபடி பார்க்க வேண்டும். அந்தத் தேதியை இன்றே வாங்கிவிடுங்கள்.