ஸ்குவாட் லீடர் சினாரியோவை போல்ட் ஆக்‌ஷனில் ஆடினால் ரஷ்யர்கள் கட்டடத்தை எட்டவில்லை

ஸ்குவாட் லீடர் அறுகோணக் கட்டங்கள் போட்ட பலகையில் ஆடும் போர் விளையாட்டு. போல்ட் ஆக்‌ஷன் மேசைமீது சிறு பொம்மை வீரர்களை அங்குலக் கணக்கில் நகர்த்தி ஆடுவது. முதலாவதன் சினாரியோ ஒன்றை, அதாவது ஒரு சண்டைக் காட்சியை, இரண்டாவதற்கு மாற்றி ஆடியபோது தாக்கும் ரஷ்யர்கள் ஏன் கட்டடத்தை எட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஓர் அறுகோணக் கட்டத்தை 6 அங்குலமாக வைத்ததுதான் சிக்கல். 3 அங்குலமாக்குங்கள். ஐந்து சுற்று முடிந்தும் உங்கள் ரஷ்யர்கள் பாதித் தெருவில் நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

ஸ்குவாட் லீடரில் ஒரு கட்டம் 40 மீட்டர். அந்த மீட்டர் கணக்கை விட்டுவிட்டு, ஒரு சுற்றில் எவ்வளவு நகர்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அங்கே ஒரு ஸ்குவாட் (சிறு காலாட்படைக் குழு) வெட்டவெளியில் 4 கட்டம் போகும். போல்ட் ஆக்‌ஷனில் ஓடினால் 12 அங்குலம். நீங்கள் அந்த 4 கட்டத்தை 24 அங்குலமாக்கியதால் ஒரு சுற்று வேலைக்கு இரண்டு சுற்று ஆகிறது. சுற்றுகளின் எண்ணிக்கையோ பழையபடியே இருக்கிறது.

எதிரியே இல்லாமல் ஒரு ஸ்குவாடை மேசை ஓரத்திலிருந்து ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் சுற்றுக்குள் கட்டட வாசலைத் தொட்டால் சரி. தொடவில்லை என்றால் கட்டடத்தை முன்னே நகர்த்துங்கள். சுற்றைக் கூட்டாதீர்கள், அது தற்காப்பவருக்குத்தான் லாபம்.

அப்புறம் ஒன்று. ஸ்குவாட் லீடரில் ஜெர்மன் 4-6-7 ஸ்குவாடின் (சுடுதிறன் 4, வீச்சு 6, மன உறுதி 7) இயல்பான வீச்சு 6 கட்டம், அதாவது கட்டத்துக்கு 3 அங்குலம் வைத்தால் 18 அங்குலம். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் 24 அங்குலம் சுடும். அதனால் இடிந்த சுவர், செங்கல் குவியல் என்று மறைவைத் தாராளமாக வையுங்கள். ஓடுகிறவர்கள் ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஏதாவது ஒன்றின் பின்னால் நிற்க முடிய வேண்டும்.