பேரேட்டில் நிற்காத கண்

கேள்வி: என் கணவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் 14 வருடமாகக் கணக்கு எழுதுகிறார். எட்டு மாதத்துக்கு முன் நான்கு வழிச்சாலையில் அவர் ஓட்டிய பைக்கில் லாரி மோதி, பின்னால் உட்கார்ந்து வந்த என் கொழுந்தன் அங்கேயே இறந்துவிட்டார். இவருக்குக் கையில் மட்டும் அடி. அதிலிருந்து கூட்டல் தப்புகிறது. ஒரே சிட்டையை மூன்று தடவை பார்க்கிறார். நான் பேசினால் வாசலைப் பார்க்கிறார். இரவில் அலறி எழுகிறார். போன வாரம் ஆத்திரத்தில் பேரேட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். இவருக்கு மூளை மழுங்கிவிட்டதா? – மேலூர் வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் மூளை மழுங்கியதாகத் தோன்றவில்லை. அது ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலைதான் வேறு.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் நின்றிருப்பீர்கள். அந்த நெரிசலில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தாயிடம் போய் எட்டாம் வாய்ப்பாடு கேளுங்கள். அவளுக்கு வாய்ப்பாடு தெரியும். ஆனால் சொல்ல வராது. கண் கூட்டத்தில், கை பிள்ளையில் இருக்கும். உங்கள் கணவர் எட்டு மாதமாக அந்தக் கரையிலேயே நிற்கிறார். கூட்டம் கலைந்துவிட்டது என்பது அவர் உடம்புக்கு இன்னும் தெரியவில்லை.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம், சுருக்கமாக பி.டி.எஸ்.டி. என்று மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள். இந்தப் பெயர் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் ஏறியது. மனத்தை ஒன்றில் நிறுத்த முடியாமை, எந்நேரமும் எச்சரிக்கையாகவே இருப்பது, கெட்ட கனவு எல்லாம் அதன் அறிகுறிகளில் அடக்கம். ஒரு மாதம் தாண்டியும் இவை வாழ்க்கையைக் குலைத்தால் காட்ட வேண்டும். உங்கள் வீட்டில் எட்டு மாதம் ஆகிவிட்டது.

நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதிதான் ‘இதைப் பார், அதை விடு’ என்று கவனத்தை ஆள்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்க உள்ளே அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி உண்டு. பேரதிர்ச்சி கண்டவர்களிடம் பல நேரம் அமிக்டலாவின் கை ஓங்கிவிடுகிறது. மார்க்கெட்டுக்குள் மினி லாரி ஒன்று ஹாரன் அடிக்கிறது. மல்லிகைக் கணக்கில் இருந்த மனம் அங்கே ஓடுகிறது. திரும்பி வரும்போது பாதிக் கூட்டல் காணாமல் போயிருக்கிறது. அவர் மூன்று தடவை பார்ப்பது அதனால்தான். பொறுப்பில்லாதவர் ஒரு தடவையோடு விட்டுவிடுவார், சகோதரி.

இந்தக் கவனத்தைத் திரும்பப் பழக்க முடியுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் போர் கண்ட வீரர்களுக்குக் கணினியில் கவனப் பயிற்சி கொடுத்த ஆய்வு 2015இல் வெளியானது. ஆபத்தை நோக்கியும் அதை விட்டு விலகியும் அலைபாய்ந்த கவனம் நிலைப்பட்டபோது மற்ற அறிகுறிகளும் தணிந்தன. வழக்கமான சிகிச்சை என்னவோ பேச்சுவழிதான். பயிற்சி பெற்றவரின் துணையோடு அந்த நாளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி, அஞ்சி ஒதுக்கியதைப் படிப்படியாக நெருங்குவது. சிலருக்கு மாத்திரையும் கொடுப்பார்கள். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். தூங்குவதற்காக அவர் குடிக்கத் தொடங்கியிருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே போக முடியாவிட்டால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் எனும் அரசின் மனநல உதவிச் சேவையை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். விபத்தில் தலை அடிபட்டதா என்று கட்டாயம் கேட்பார்கள். வெளிக்காயமே இல்லாமல் மூளை குலுங்கினாலும் கவனம் இப்படிச் சிதறும். அன்று வாந்தி எடுத்தாரா, சிறிது நேரம் நினைவு தப்பியதா என்று யோசித்து எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவர் பைக் ஓட்ட வேண்டாம். அதிகாலையில் மார்க்கெட்டுக்கு பஸ்ஸில் போகட்டும்.

முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் கணவர் விருப்பம். ஆனால் இரண்டு உதவி கேட்கலாம். ஏலமும் இரைச்சலும் ஓய்ந்த பிறகு பேரேடு எழுதட்டும். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடாதபடி, சுவரை ஒட்டி உட்காரட்டும். வீட்டில் பின்னாலிருந்து தொட்டு எழுப்பாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை என்றால் ‘என்னங்க’ என்று முன்னால் வந்து சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். வண்டி ஓட்டியவன் மூத்தவன் என்ற பேச்சு வீட்டில் ஒரு தடவையாவது எழுந்திருந்தால் உங்கள் கணவர் அதைச் சுமந்துகொண்டிருப்பார். மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

பேரேட்டை எறிந்ததற்கு அவரிடம் வருத்தம் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லலாம். நீளமாக வேண்டாம். சோறு போட்டுவிட்டு, வாசலை மறைக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பார்க்கட்டும்.