தகட்டில் பெண்ட் பைப் செய்ய: வளைப்பதா, வெட்டிச் சேர்ப்பதா?

கேள்வி: காங்கேயம் பக்கம் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு அரிசி ஆலைக்கு உமித்தூசி இழுக்கும் குழாய் வரிசை போட ஆர்டர் வந்திருக்கிறது. 300 மி.மீ. உள்விட்டம், 2 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ஷீட், 90 டிகிரி பெண்ட் (வளைவுக் குழாய்) ஆறு வேண்டும். மூன்று ரோலர் மெஷின், மிக் வெல்டிங், பிளாஸ்மா கட்டர் என்னிடம் இருக்கின்றன. ஷீட்டை உருட்டி நேர்க்குழாயாக வெல்டிங் செய்துவிட்டு, அதைப் பைப் பெண்டிங் மெஷினில் வளைக்க முடியுமா? சாம்பிளுக்கு மூன்று துண்டாக வெட்டிச் சேர்த்து ஒன்று செய்தேன். 90க்குப் பதில் 86 டிகிரிதான் திரும்பியது, ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) உட்காரவில்லை. எங்கே தப்பு?

பதில்: வளைக்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். காரணம் மெஷின் கிடைக்காதது அல்ல, தகடு தாங்காது. மையக்கோட்டில் 450 மி.மீ. ஆரம் வைத்து, அதாவது விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கில் வளைப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிவளைவின் ஆரம் 600, உள்வளைவின் ஆரம் 300. நேராக இருந்த குழாயின் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு நீள வேண்டும், உட்பக்கம் அதே அளவு சுருங்க வேண்டும். ஐ.எஸ். 2062 என்ற இந்தியத் தரநிலையில் சாதாரண இ250 தகட்டுக்குக் கேட்கப்படும் குறைந்தபட்ச நீட்சியே, அதாவது கிழியும் முன் நீளும் அளவே, 23 சதவீதம்தான். வெளிப்பக்கம் கிழிவது கூட அப்புறம்; அதற்கு முன்பே உட்பக்கம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, குழாய் சப்பையாகிவிடும். மணல் நிரப்பி வளைப்பது கைப்பிடிக் குழாய் போன்ற சிறிய விட்டத்துக்குச் சரி. விட்டம் தகட்டின் கனத்தைப் போல 150 மடங்கு இருக்கும்போது மணலும் உதவாது.

இன்னொரு வழி உண்டு. பிரஸ்ஸில் இரண்டு அரைக்கூடுகளாக அழுத்தி, நடுவில் வெல்டிங் செய்து ஒட்டுவது. வண்டிகளின் சைலன்சர் பாகங்களில் இந்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் அதற்கு டை, அதாவது அழுத்தும் அச்சு, போடலாம். ஆறு பெண்டுக்கு டை அடித்தால் ஆலைக்காரர் கொடுக்கும் பணம் டைக்கே போதாது.

ஆகவே நீங்கள் தொட்ட வழிதான் சரியான வழி. துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்க வேண்டியதுதான். துண்டு எண்ணிக்கையைக் கூட்டுங்கள், வெட்டும் முறையை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

எத்தனை துண்டு? தொழிற்சாலைக் காற்றோட்டக் கையேடுகள் 150 மி.மீ. விட்டம் வரை 5 துண்டு, அதற்கு மேல் 7 துண்டு என்று பரிந்துரைக்கின்றன. ஆரமும் விட்டத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு கேட்கின்றன. ஆலையில் இடம் இருந்தால் அப்படியே செய்யுங்கள். இடம் நெருக்கடி என்றால் ஒன்றரை மடங்கு ஆரம், 5 துண்டு என்பது தாராளமாக ஓடும். காற்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போனால் அதன் வேக அழுத்தம், அதாவது ஓட்டத்தால் வரும் அழுத்தம், சுமார் 24 மி.மீ. நீர்மட்டம். 5 துண்டு பெண்டில் அதில் ஏறத்தாழ கால் பங்கு, அதாவது 6 மி.மீ. விரயமாகும். 3 துண்டு என்றால் 8 மி.மீ. இரண்டே துண்டில் சுவர் மூலை மாதிரி ஒட்டினால் 29 மி.மீ. போய்விடும். மூன்றிலிருந்து ஐந்துக்கு மாறுவதில் மின்சாரத்தில் மிச்சமாவது கொஞ்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உமி மோதும் கோணம் குறையும். மூன்று துண்டில் ஒவ்வொரு ஜாயிண்டிலும் காற்று 45 டிகிரி திரும்புகிறது, ஐந்தில் 22.5 டிகிரி. உமியில் மணலைப் போன்ற சிலிக்கா நிறைய உண்டு; அதன் சாம்பலில் பெரும்பகுதி அதுதான். நேராக மோத விட்டால் தகட்டை அரித்துத் தின்றுவிடும்.

கணக்குக்கு வருவோம். பெண்டின் முழுக் கோணத்தை, துண்டு எண்ணிக்கையில் ஒன்று குறைத்து அதன் இரட்டிப்பால் வகுத்தால் ஒரு வெட்டின் சாய்வு கிடைக்கும். 5 துண்டுக்கு 90 வகுத்தல் 8, அதாவது 11.25 டிகிரி. இதன் டேன் மதிப்பு 0.1989. மைய ஆரம் 450ஐ இதால் பெருக்கினால் 89.5. இது முனைத் துண்டின் மையக்கோட்டு நீளம். நடுத்துண்டுகள் மூன்றும் இதன் இரட்டிப்பு, 179. தகட்டின் நடுக்கனத்தில் விட்டம் 302, ஆரம் 151. அதை 0.1989ஆல் பெருக்கினால் 30. வெட்டுக்கோடு மையத்திலிருந்து வெளிவளைவுப் பக்கம் 30 மி.மீ. ஏறி, உள்வளைவுப் பக்கம் 30 மி.மீ. இறங்கும் என்று அர்த்தம். சுற்றளவை 12 பாகமாகப் பிரித்தால் இடையில் வரும் புள்ளிகள் 26, 15, 0, அப்புறம் எதிர்ப்பக்கம் 15, 26. நினைவில் வைக்க வேண்டியது 0, 15, 26, 30 என்ற நான்கு எண்கள்தான். புள்ளிகளைத் தகட்டுப் பட்டை ஒன்றை வளைத்து வைத்துச் சீரான வளைகோடாக இணையுங்கள். நேர்க்கோடுகளால் இணைத்தால் இடையிடையே சந்து விழும்.

துண்டுகளைத் தனித்தனியாக வெட்டி ஒவ்வொன்றாக உருட்டத்தான் பலரும் முயல்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும் துண்டு ரோலருக்குள் ஒரே மாதிரி வளையாது. குறுகிய இடம் அதிகம் வளையும், துண்டும் கோணலாக ஓடும். அதைவிட, முழுச் செவ்வகத்தையும் ஒரே நேர்க்குழாயாக உருட்டி, சீமை, அதாவது ஓரங்கள் நீளவாக்கில் சேரும் கோட்டை, வெல்டிங் செய்து முடித்து, அதன்பிறகு குழாயைச் சாய்வாக நான்கு இடத்தில் வெட்டுங்கள். முதல் வெட்டும் மூன்றாவதும் ஒரு பக்கம் சாய வேண்டும், இரண்டாவதும் நான்காவதும் எதிர்ப்பக்கம். வெட்டியபின் 2, 4 எண் துண்டுகளை மட்டும் 180 டிகிரி திருப்பி வைத்தால் பெண்ட் தானாக உருவாகும். நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு கேரட்டை இப்படி நறுக்கித் திருப்பிப் பாருங்கள். இதில் துண்டுகளுக்கு நடுவே கழிவே கிடையாது.

நீளக் கணக்கு இப்படி வரும். துண்டுகளின் மையக்கோடு எல்லாம் சேர்ந்து 716. ஃபிளாஞ்ச் உட்கார இரு முனையிலும் 50 மி.மீ. நேர்க்கழுத்து. பிளாஸ்மா தின்பது வெட்டுக்கு 2 மி.மீ. என்று வைத்தால் நான்குக்கு 8. மொத்தம் 824. குழாயின் ஒரு முனையிலிருந்து வெட்டுகளின் மையங்கள் 140.5, 321.5, 502.5, 683.5 மி.மீ.யில் விழும். 2500 நீள ஷீட்டை மூன்றாகப் போட்டால் ஒன்றுக்கு 833 கிடைக்கும், 9 மி.மீ. மிச்சம். அந்த மிச்சத்தை வெட்டி எறியாதீர்கள், கடைசியில் வேலைக்கு ஆகும். ஆறு பெண்டுக்கு 2500க்கு 1250 ஷீட் இரண்டு போதும். எட்டுக்கு நாலு அடி ஷீட் என்றால் ஒரு பாகம் 813தான் வரும். கழுத்தை 40 ஆக்கிக்கொள்ளுங்கள்.

அகலம், அதாவது சுற்றளவு, எப்போதும் நடுக்கன விட்டத்துக்குத்தான் போட வேண்டும். 302ஐ 3.1416ஆல் பெருக்கினால் 949 மி.மீ. இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. பேப்பர் டெம்ப்ளேட்டை உருட்டி முடித்த குழாயின் மேல் சுற்றி மார்க் செய்வதாக இருந்தால், அந்தப் பேப்பர் வெளிவிட்டமான 304க்கு இருக்க வேண்டும்: 955 மி.மீ. தகட்டுக்குப் போட்ட 949ஐயே பேப்பருக்கும் வைத்தால் 6 மி.மீ. சேராமல் நிற்கும். சிலர் அதை இழுத்து ஒட்டுவார்கள், கோடு கோணலாகும். எனக்குப் பிடித்த வழி, தட்டையாக இருக்கும்போதே 79 மி.மீ. இடைவெளியில் கோடு போட்டு, வெட்டுப்புள்ளிகளை சென்டர் பஞ்சால் குத்திவிடுவது. உருட்டும்போது புள்ளிகளும் தகட்டோடு சேர்ந்து தம் இடத்துக்குப் போய்விடும். பஞ்ச் அடித்த முகம் வெளிப்பக்கம் வரும்படி உருட்ட மறக்காதீர்கள்.

மூன்று ரோலர் மெஷினில் ஷீட்டின் இரு முனையும் வளையாமல் தட்டையாக நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். சும்மா நேர்க்குழாய்க்கு அதைச் சுத்தியலால் தட்டிச் சமாளித்துவிடலாம். இங்கே அது போதாது. சீம் இருக்கும் இடம் கூரையாக நீண்டு நின்றால், துண்டைத் திருப்பி வைக்கும்போது அந்தக் கூரை அடுத்த துண்டின் நல்ல வட்டத்தோடு மோதும். ஜாயிண்டில் இரண்டு மூன்று மி.மீ. படி விழும். பெண்ட் பொருந்தவில்லை என்று வெட்டைக் குறை சொல்வார்கள், உண்மையில் வட்டம்தான் சரியில்லை. 1250 அகலத்தில் 949 போக, முனைக்கு 150 மி.மீ. வரை இடம் இருக்கிறது. கீழ் ரோலர்கள் இரண்டின் மைய இடைவெளியில் பாதி அளவு கூடுதலாக விட்டு உருட்டுங்கள், பிறகு தட்டை முனைகளை வெட்டி நீக்குங்கள். சீம் வெல்டிங் ஆனதும், வெல்டிங் மேட்டைக் கிரைண்டரில் வழித்துவிட்டு, குழாயை மறுபடி ரோலருக்குள் விட்டு இரண்டு சுற்று ஓட்டுங்கள். குழாயின் உட்பக்கம் எதிரும் புதிருமாக இரண்டு இடத்தில் விட்டம் அளந்து, 2 மி.மீ.க்குள் இருந்தால் போதும்.

சீமை எங்கே வைப்பது? பழைய தகரவேலைக்காரர்கள் உள்வளைவில் வைப்பார்கள், அங்கே தையல் நீளம் குறைவு. நம் முறையில் துண்டைத் திருப்புவதால், அப்படி வைத்தால் 2, 4 துண்டுகளின் சீம் வெளிவளைவுக்குப் போய், உமி அடிக்கும் இடத்தில் உட்காரும். அதனால் சீமைப் பக்கவாட்டில், அதாவது 0 என்று குறித்த கோட்டில் வையுங்கள். திருப்பினாலும் அது எதிர்ப் பக்கவாட்டுக்குத்தான் போகும்.

இப்போது உங்கள் 86 டிகிரி. மூன்று துண்டு பெண்டில் நான்கு வெட்டுமுகங்கள். 4 டிகிரி குறைவு என்றால் முகத்துக்கு 1 டிகிரி. அந்த அளவில் 1 டிகிரி என்பது 6 மி.மீ. சாம்பிளின் முனைத் துண்டில் நீண்ட பக்கத்துக்கும் குட்டைப் பக்கத்துக்கும் 125 மி.மீ. வித்தியாசம் இருக்க வேண்டும். அளந்து பாருங்கள், 119 அளவில் இருந்தால் மார்க்கிங்கிலோ வெட்டிலோ கோளாறு. வித்தியாசம் சரியாக இருந்தால் சேர்த்த விதத்தில்தான் இருக்கும். உள்வளைவில் சந்து விட்டு டாக் (பிடித்து நிற்க வைக்கும் பொட்டு வெல்டிங்) அடித்தால் திரும்பும் கோணம் குறையும். வெளிவளைவை முதலில் முழுசாக வெல்டிங் செய்தாலும் குறையும். வெல்டிங் ஆறும்போது அந்தப் பக்கத்தை இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

ஐந்து துண்டில் எட்டு முகங்கள். முகத்துக்கு 1.4 மி.மீ. பிசகினாலே கால் டிகிரி. எட்டும் ஒரே பக்கம் பிசகினால் 2 டிகிரி. அதனால் தரையில் அல்லது ஒரு பெரிய பிளேட்டில் சாக்பீஸால் பெண்டை முழு அளவில் வரைந்துகொள்ளுங்கள். துண்டுகளை அந்தக் கோட்டின் மேல் வைத்து, வெளிவளைவு, உள்வளைவு, இரு பக்கவாட்டு என ஜாயிண்டுக்கு நான்கு டாக் மட்டும் அடியுங்கள். ஐந்தும் சேர்ந்தபிறகுதான் மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். அரை டிகிரி, ஒரு டிகிரி பிசகு இருந்தால், மிச்சம் வைத்த 9 மி.மீ. கழுத்தைச் சாய்வாக வெட்டி முகத்தை நேராக்குங்கள். பிறகு வெல்டிங். 0.8 மி.மீ. கம்பி, சின்னச் சின்ன ஓட்டமாக, உள்வளைவில் ஒன்று போட்டால் அடுத்தது எதிரே வெளிவளைவில். வெல்டிங் உள்ளே ஊடுருவித் துருத்தினால் கை எட்டும் இடம்வரை வழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உமி அங்கே சிக்கும்.

இது 2 மி.மீ. தகட்டுக்கு. 6 மி.மீ. தாண்டினால் நடுக்கன ஆரம் ஒன்றையே எல்லா இடத்துக்கும் போட முடியாது. வெளிவளைவில் தகட்டின் உள்விளிம்புகள் தொடும், உள்வளைவில் வெளிவிளிம்புகள் தொடும். அந்தந்தப் பக்கத்துக்கு அந்தந்த ஆரத்தை எடுக்க வேண்டும், அல்லது விளிம்பைச் சாய்த்துத் தீட்ட வேண்டும். ஜி.ஐ. ஷீட்டில் செய்யச் சொன்னால் வெல்டிங் இடத்தில் துத்தநாகப் பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும்.

ஆலைக்காரரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: வட்டப் பெண்ட்தான் வேண்டுமா? தூசி மட்டும் போகும் வரிசைக்கு வட்டம் நல்லது. முழு உமியே பறக்கும் இடத்தில் நான் சதுரப் பெண்டைத்தான் சொல்வேன். வில் வடிவில் இரண்டு பக்கத் தகடு, உள்ளும் வெளியுமாக இரண்டு உருட்டிய பட்டை, அவ்வளவுதான் வேலை. வெளிப்பட்டையை 5 மி.மீ.யில் போல்ட் போட்டு மாட்டினால், தேய்ந்ததும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். சதுரத்திலிருந்து வட்டத்துக்கு மாற இரு பக்கமும் ஒரு மாற்றுத் துண்டு செய்ய வேண்டியிருக்கும், அந்தக் கூலியைச் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் வட்டமே போதும் என்றால், வெளிவளைவின் மேல் 4 மி.மீ. தகட்டுப் பட்டைகளை ஒட்டுப்போட்டுக் கொடுங்கள். ஃபிளாஞ்சைப் பட்டறையில் வெல்டிங் செய்ய வேண்டாம். இரண்டு டாக்கோடு அனுப்பி, ஆலையில் போல்ட் துளை பொருந்தியபிறகு முழு வெல்டிங் செய்யுங்கள்.