ரெஜிஸ்டர் எழுதவா, நோயாளியைப் பார்க்கவா?

(இந்த வாரம் பதில் சொல்பவர்: அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டென்டன்ட்)

கேள்வி: எங்கள் மருத்துவமனையைத் தேசியத் தரச் சான்றுக்காக ஆய்வு செய்ய வரப்போகிறார்கள். ரெஜிஸ்டருக்கு மேல் ரெஜிஸ்டர். லேபர் வார்டில் ராத்திரி டியூட்டிக்கு இரண்டே பேர். தர மேம்பாடு மேலே இருப்பவர்கள் வேலைதானே, நர்ஸ் தலையில் ஏன் கட்டுகிறார்கள்? பெயர் வேண்டாம்.
— செவிலியர், நாகை மாவட்டம்

பதில்: கோபம் நியாயம்தான் சிஸ்டர். ஆய்வுக்கு முந்தின வாரம் சுவருக்கு வெள்ளையடித்து வாசலில் பூந்தொட்டி வைப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆய்வாளர் கார் கிளம்பியதும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஆனால் ‘மேலே இருப்பவர்கள் வேலை’ என்கிறீர்களே, அதில் உங்களோடு சண்டை போடுவேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் பீட்டர் ப்ரோனவோஸ்ட் என்ற டாக்டர் குழுவினர் ஒரு வேலை செய்தார்கள். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகும் மருந்துக் குழாய்) வழியாக ரத்தத்தில் கிருமி ஏறுவதைத் தடுக்க ஐந்தே விஷயங்கள்: கை கழுவுவது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது, நோயாளியை ஸ்டெரைல் துணியால் முழுக்க மூடுவது, தொடைப் பக்கம் லைன் போடுவதை முடிந்தவரை தவிர்ப்பது, தேவை முடிந்த லைனை உடனே எடுப்பது. இதில் டாக்டருக்குத் தெரியாதது எது? ஒன்றும் இல்லை. புதிதாக வந்தது நர்ஸுக்குக் கொடுத்த அதிகாரம். அவசர கேஸ் தவிர, ஒரு படி விட்டுப்போனால் ‘நிறுத்துங்க’ என்று நர்ஸ் சொல்லலாம். டாக்டர் நிறுத்தியாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் பாதி ஐ.சி.யூ.க்களிலாவது அந்தத் தொற்று பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. 2006-ல் இந்த முடிவுகள் வெளியாயின.

சரி, உங்கள் லேபர் வார்டுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்யப் போகாதீர்கள். குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போட வேண்டும், ரத்தப்போக்கைத் தடுக்க. அதை மட்டும் எடுங்கள். கடைசிப் பத்து பிரசவத்தில் எத்தனை பேருக்கு நேரத்தில் விழுந்தது? கேஸ் ஷீட்டிலேயே நேரம் இருக்கும், தனி ரெஜிஸ்டர் வேண்டாம். தாமதமானால் ஏன்? மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. ஃபிரிட்ஜ் அடுத்த அறையில் இருக்கலாம், சாவி இன்னொருவர் இடுப்பில் இருக்கலாம். இது டாக்டருக்கும் தெரியாது, ஆய்வாளருக்கும் தெரியாது. ராத்திரியில் ஓடுகிறவருக்குத்தான் தெரியும். தலை தெரியும்போதே ஊசியை ஏற்றி டிரேயில் வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள் (வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று பார்த்த பிறகே போட வேண்டும், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை). அடுத்த பத்து பிரசவத்தை மறுபடி எண்ணுங்கள். பயிற்சி வகுப்பில் பி.டி.எஸ்.ஏ. (திட்டமிடு, செய், ஆராய், அதன்படி மாற்று) என்று ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டுவது இவ்வளவுதான்.

அப்புறம், ஆள் பற்றாக்குறை. தாமதமானதெல்லாம் ராத்திரி பிரசவம் என்று உங்கள் கணக்கு காட்டினால், அதைத் தரக்குழுக் கூட்டத்தில் வையுங்கள். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த லக்ஷ்யா திட்டப்படி அந்தக் குழுவில் செவிலியருக்கும் இடம் உண்டு. வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். ‘இரண்டு பேர் போதாது’ என்பதைக் கணக்கோடு மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏற்றச் சொல்லுங்கள். வாயால் சொன்ன குறையை மறந்துவிடலாம், மினிட்ஸில் ஏறியதற்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

கேள்வி: அப்பா ஐ.சி.யூ.வில் இருந்தபோது ‘கை கழுவினீங்களா’ என்று சிஸ்டரைக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாக. பெரிய டாக்டரையும் கேளுங்கள், அவரை விட்டுவிட்டு நர்ஸை மட்டும் கேட்பதுதான் எங்களுக்குக் கோபம். விசிட்டிங் நேரத்தில் வந்து கட்டிலில் உட்கார்ந்து டிரிப்ஸ் குழாயைத் தடவிப் பார்க்கும் சித்தப்பாவையும் சேர்த்தே கேளுங்கள்.