பலாவும் சீத்தாவும் ஒரே வகையா?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் தாவரவியல் ஏட்டில் பலாவைக் கூட்டுக்கனி என்றும் சீத்தாப்பழத்தைத் திரள்கனி என்றும் எழுதியிருக்கிறாள். இரண்டிலும் வெளியே மேடுபள்ளம், உள்ளே சுளை, சுளைக்கொரு கொட்டை. பிறகு ஏன் இரண்டு பெயர்? மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: மகள் எழுதியது சரி. பழத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அது எத்தனை பூக்களிலிருந்து வந்தது என்று பாருங்கள்.

சீத்தாப்பூ ஒன்றைப் பறித்து, தடித்த மூன்று இதழ்களையும் விலக்குங்கள். நடுவிலுள்ள சிறு குமிழில் பல சூலகங்கள், அதாவது பூவின் பெண் உறுப்புகள், நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பழத்தின் மேலுள்ள ஒவ்வொரு புடைப்பும் அவற்றில் ஒன்று. பூ ஒன்று, சூலகம் பல, ஆகவே திரள்கனி.

பலாப்பிஞ்சு ஒரு பூ அல்ல, பெண்பூக்கள் மொய்த்த ஒரு மஞ்சரி, அதாவது பூங்கொத்து. பூக்கள் பல, பழம் ஒன்று, ஆகவே கூட்டுக்கனி. முள்ளுக்கு ஒரு பூ என்று வைத்துக்கொள்ளலாம். கருவுற்ற பூ சுளையாகிறது. கருவுறாதவைதான் சுளைகளுக்கு நடுவே நார்நாராகக் கிடப்பவை. நாம் பிய்த்து எறிகிறோமே, அவை. இன்னொன்று: நாம் தின்னும் சுளைச்சதை சூற்பையிலிருந்து (சூலகத்தில் விதை உருவாகும் பை) வந்ததல்ல, பூவைச் சுற்றியுள்ள இதழுறை பருத்தது. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்க ஆசிரியர்களுக்குக் கொள்ளை ஆசை! அன்னாசியும் கூட்டுக்கனிதான்.

ஒரு பூ, ஒரு சூற்பை என்று வருபவை தனிக்கனிகள். இங்கே கத்தியை எடுக்கலாம். மாங்கொட்டையின் கெட்டி ஓடு விதையுடையதன்று, கனித்தோலின் உள்ளடுக்கு. தேங்காய்ச் சிரட்டையும் அதுவே. மாவும் தென்னையும் தருவது ஒரே வகைக் கனி என்றால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். அப்படி ஓடு இல்லாமல் உள்ளே முழுதும் சதையாக இருக்கும் தக்காளி, கத்தரி, வாழை, திராட்சை எல்லாம் பெர்ரி வகை. காய்கறிக் கடையில் வாங்கினோம் என்பது தாவரவியலுக்குக் கணக்கில்லை.

முந்திரி தனிக் கதை. பழம் என்று கடிப்பது வீங்கிய பூக்காம்பு. அதனால் அது பொய்க்கனி. அடியில் தொங்கும் கொட்டையே மெய்யான கனி. ஏட்டில் ஒட்டப் படம் போதும். பச்சைக் கொட்டையை மகள் அறுத்துப் பார்க்க வேண்டாம். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து புண்ணாகிவிடும்.