இன்வெர்ட்டருக்கு அடியில் ஈரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போன வாரம்தான் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினோம். இரண்டு நாளாக டிராலிக்கு அடியில் ஈரம். மாமியார் "ஊத்தின தண்ணிதான், காஞ்சிடும்" என்கிறார். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. அது ஆசிடா, தண்ணீரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: குழந்தையை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். ஈரத்தின் ஓரத்தில் ஒரு சிட்டிகை சமையல் சோடா தூவுங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் ஆசிட், சும்மா கரைந்தால் தண்ணீர். விரலால் தொட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம்.

"காஞ்சிடும்" என்பதில்தான் சிக்கலே. பேட்டரிக்குள் இருப்பது தண்ணீர் கலந்த கந்தக அமிலம். நல்ல சார்ஜில் எடைக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அமிலம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. அமிலம் தரையிலேயே தங்கி, நேரம் ஆக ஆக வீரியம் ஏறும். பிசுபிசுப்பாக, எண்ணெய் சிந்தியது போல் காயாமலே கிடக்கும் திட்டுதான் அதிக ஆபத்து.

சுத்தம் செய்யும் முன் சுவர் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, ஜன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஒயரைப் பிடுங்கவும் வேண்டாம்.

ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் செருப்பு. சோடாவை வெளி ஓரத்திலிருந்து வட்டமாகத் தூவிக்கொண்டே உள்ளே வாருங்கள், நடுவில் கொட்டினால் ஆசிட் தெறித்துப் பரவும். 100 மில்லி ஆசிடுக்கு 70 முதல் 80 கிராம் சோடா பிடிக்கும். ஒரு டம்ளர் சிந்தியிருந்தால் கால் கிலோ வாங்கி வையுங்கள். அக்கம்பக்கக் கடையில் கன்னடத்தில் "அடிகே சோடா" என்றால் எடுத்துத் தருவார்கள். பேக்கிங் பவுடர் வேறு சரக்கு, அது வேண்டாம். புதிதாகத் தூவியும் நுரை வராத வரை போட்டுக்கொண்டே இருங்கள். பிறகு பழைய துணியால் ஒற்றி, துணியோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். அதில் ஈயமும் இருக்கும், சமையலறைத் தொட்டியில் அலசக் கூடாது. கடைசியாகத் தாராளமாகத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். கிரானைட் தரை பெரும்பாலும் தப்பிக்கும். மார்பிளிலும் மொசைக்கிலும் பளபளப்பு போன தடம் நிற்கும், அதற்கு மறுபடி பாலிஷ் போடுவதுதான் வழி. சிமென்ட் தரை ஆசிடை உறிஞ்சியிருக்கும். லிட்டருக்கு 80 கிராம் சோடா கரைத்து ஊற்றிக் கால் மணி நேரம் ஊற விடுங்கள்.

பேட்டரியின் மேல்பக்கத்தை அதே கரைசலில் நனைத்த துணியால் துடைக்கலாம். ஆனால் ஆறு மூடிகளும் இறுக்கமாக இருக்கட்டும். ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஒரு செல், அதாவது தனி அறை. சோடா உள்ளே போனால் அந்த செல்லின் அமிலத்தையே முறித்துவிடும்.

காரணம் அநேகமாகப் போன வாரம் ஊற்றிய அளவுதான். சார்ஜ் ஏறும்போது குமிழ்கள் கிளம்பி மட்டம் உயரும். விளிம்பு வரை நிரப்பியிருந்தால் மூடி வழியே வழியும், வழிவது தண்ணீராக அல்ல, ஆசிடாக. முழு சார்ஜுக்குப் பிறகு, மிதவையின் மேல் குறி வரை மட்டுமே ஊற்ற வேண்டும். ஐந்து செல்களில் மட்டம் நிற்க, ஒன்றில் மட்டும் இறங்கிக்கொண்டே போனால் பெட்டியில் விரிசல். அதை ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், பேட்டரியை மாற்றுங்கள். பெரிய டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்குவதை மெக்கானிக்கிடம் விடுங்கள். அழுகிய முட்டை வாடையும் கை வைக்க முடியாத சூடும் இருந்தால் சார்ஜர் கோளாறாகவோ செத்துப்போன செல்லாகவோ இருக்கலாம். அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று கணவர் கட்டியிருந்த லுங்கியில் ஒன்றும் தெரியவில்லை. துவைத்த பிறகு மிளகு மிளகாக ஓட்டை. சோப்பு சரியில்லையா?
– வாசகி, ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: சோப்பின் மேல் பழி போடாதீர்கள். பருத்தி நூலை அமிலம் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். துணி பார்வைக்கு முழுசாக இருக்கும், கசக்கும்போதுதான் அரித்த நூல் உதிரும். தெறித்த உடனே கழற்றி, ஓடும் தண்ணீரில் அலசி, சோடா கரைசலில் ஊற வைத்திருந்தால் பிழைத்திருக்கும். அன்று தொட்ட துண்டு, சட்டை எல்லாவற்றையும் தனியாக அலசிவிடுங்கள்.

கேள்வி: ஆசிட் கண்ணில் தெறித்தால் பால் விடலாமா?
– வாசகர், விவேக் நகர், பெங்களூரு

பதில்: கூடாது. சோடாவும் கூடாது. குழாய்த் தண்ணீர், அதுவும் உடனே. இமையை விரலால் விரித்துப் பிடித்து, 20 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுத்துவிடுங்கள். எரிச்சல் நின்றாலும் கண் மருத்துவரிடம் போய்த்தான் ஆக வேண்டும். தோலில் பட்டாலும் தண்ணீர்தான்: உடையைக் களைந்துவிட்டு அதே 20 நிமிடம்.

கேள்வி: டிவி ரிமோட்டுக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இதற்கும் சோடாவா?
– வாசகர், ஜீவன் பீமா நகர், பெங்களூரு

பதில்: செல்லின் மேல் "அல்கலைன்" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே இருப்பது ஆசிட் அல்ல, அதற்கு நேர் எதிரான காரப்பொருள். சோடா அங்கே செல்லாது. கையுறை போட்டுச் செல்லை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தொட்டு, கம்பிச் சுருளையும் தகட்டையும் துடையுங்கள். லேசாக நுரைக்கும். பிறகு தண்ணீர் தொட்ட குச்சியால் ஒரு முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதுச் செல் போடுங்கள். சாதாரண மலிவுச் செல் என்றால் அதன் கசிவு லேசான அமிலத்தன்மை கொண்டது, அதற்குச் சோடா கரைசல் தொட்ட குச்சி போதும். தகடு பச்சை பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். புதுசையும் பழசையும் கலந்து போடாதீர்கள், தீர்ந்துபோன செல்தான் முதலில் கசியும்.